பச்சை அம்பாசிடர்

அந்தக் கட்டைப்பையைக் கீழே வைக்காதீர்கள் தம்பி. காலையில் மீன்கூடை ஏறி இறங்கின பஸ் இது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்புடவை ஒரு தடவை மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டால், அப்புறம் அதைக் கட்டுகிறவளுக்குப் பின்னால் பூனைதான் வரும். சிரிக்காதீர்கள். ஆறுமுகநேரியில் ஒரு கல்யாணத்தில் என் கண்ணால் பார்த்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் மணவறையைச் சுற்றி ஏழு பூனை. மாப்பிள்ளைக்குத் தாலி கட்டுவதா, பூனை விரட்டுவதா என்று தெரியவில்லை.

மாற்றத்தானே கொண்டுபோகிறீர்கள்? தூக்குகிற விதத்திலேயே தெரிகிறது. புதிதாக வாங்கினவன் பையை ஊருக்குக் காட்டி நடப்பான். மாற்றப்போகிறவன் குழந்தை மாதிரி அணைத்துக்கொள்வான். விளக்கு வைப்பதற்குள் கடைக்குப் போய்விடுங்கள். விளக்கு வைத்துவிட்டால் மாற்றித் தரமாட்டார்கள், லட்சுமி வெளியே போய்விடுவாளாம். அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுவந்தவனே நான்தான். ஆமாம், பையில் பேர் போட்டிருக்கிறதே, அதே கடை. பேரை நான் வாயால் சொல்வதில்லை.

இரண்டாவது மாடி முழுக்க என் கையில் இருந்தது. ஆவுடையப்பன் என்றால் திருநெல்வேலி ஜங்ஷனில் பேன்சி ஸ்டோர்காரன்கூட எழுந்து நிற்பான். ஃப்ளோர் சூப்பர்வைசர். அறுபது பெண்பிள்ளைகள் என் கண்ணசைவில் வேலை பார்த்தார்கள். இப்போது நான் யார்? வருகிற செவ்வாய்க்கிழமை லேபர் ஆபீசில் விசாரணைக்கு நிற்கப்போகிறவன். விசாரணையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிள்ளைகளை நான் உட்காரவிட்டேனா, விடவில்லையா. விட்டேன் என்று சாட்சி சொல்ல ஆள் வந்தால் எனக்கு வேலை திரும்பக் கிடைக்கும். வராவிட்டால் என் கதை அவ்வளவுதான். சாட்சி தேடித்தான் சாத்தான்குளம் பக்கம் போய்விட்டுத் திரும்புகிறேன். கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் என் அருமை உங்களுக்குத் தெரியும்.

எல்லாம் அந்தச் சட்டத்தால் வந்தது.

கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும், நாள் முழுக்க நிற்கவைக்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். பேப்பரில் படித்தபோது நான் நம்பவில்லை. வேலைவெட்டி இல்லாத எவனோ எழுதியிருக்கிறான் என்று அந்தப் பேப்பரை நாலாக மடித்து ஷோகேஸ் பொம்மையின் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டேன். சட்டம் போடுகிறவர்களுக்கு என்ன தம்பி, உட்கார்ந்துகொண்டே போடுகிறார்கள். காலையில் இருந்து ராத்திரிவரை நின்றுகொண்டு யோசித்திருந்தால் இப்படி ஒரு சட்டம் தோன்றியிருக்குமா?

உங்களுக்குத் துணிக்கடை வியாபாரம் தெரியாது. வாங்குகிறவள் உட்கார வேண்டும், விற்கிறவள் நிற்க வேண்டும். அப்போதுதான் வாங்குகிறவளுக்குத் தான் மகாராணி என்ற நினைப்பு வரும். அதோடு, எதிரே ஒருத்தி கால்கடுக்க நிற்கிறாள் என்று கண்ணுக்குத் தெரிந்தால் வெறுங்கையோடு எழுந்துபோக மனசு வராது. அந்த மனசுதான் வியாபாரம். அவளும் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசுவார்கள். புடவை யார் எடுப்பது?

நான் அந்தக் கடையில் சேர்ந்த நாள்முதல் உட்கார்ந்தவன் இல்லை. சாப்பிடுவது நின்றுகொண்டுதான். தீபாவளி வியாபாரத்தில் தூணில் சாய்ந்து குதிரை மாதிரி நின்றே தூங்கியிருக்கிறேன். தூக்கத்திலேயே ஒரு அம்மாளுக்குப் புடவை காட்டி, விலை சொல்லி, பில்லும் போட்டு அனுப்பியிருக்கிறேன். மறுநாள் அவள் வந்து நல்ல கலர் எடுத்துக் கொடுத்தீர்கள் என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இன்னொரு தடவை கோவில்பட்டியில் இருந்து அக்கா தங்கை ஐந்து பேர் வந்தார்கள். காட்டாத புடவை இல்லை. சாயங்காலம் பார்த்தால் கடைசித் தங்கையைக் காணவில்லை. குவிந்துகிடந்த புடவையை வாரி வாரி எடுத்தால் அடியில் படுத்துத் தூங்குகிறாள். கடைசியில் ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போதும் நான் உட்காரவில்லை. கும்பிட்டு, திரும்ப வாங்க என்று சொல்லி அனுப்பினேன்.

காலைப் பார்க்கிறீர்கள். இந்தக் கட்டு வேறு சமாச்சாரம். நரம்பு பாகற்கொடி மாதிரி சுருண்டுகொண்டிருக்கிறது. பெரியாஸ்பத்திரி டாக்டர், நின்றே வேலை பார்த்ததால் வந்தது என்கிறான். சின்னப் பையன், மீசையே இப்போதுதான் முளைத்திருக்கிறது. அவனுக்கு என்ன தெரியும். எதிர்க்கடைக்காரன் கண்ணேறு, வேறு ஒன்றும் இல்லை.

சட்டம் வந்ததும் முதலாளி என்னை மேலே கூப்பிட்டுவிட்டார்.

"என்னவே ஆவுடையப்பன், ஸ்டூல் போடணுமாம். போடலன்னா அபராதமாம்."

"போட்டுருவோம் முதலாளி."

"போட்டா உக்காருவாளுகளே."

"உக்காந்தா வியாபாரம் எப்பிடி?"

"அதத்தான் வே உம்மகிட்ட கேக்கேன். சட்டமும் நடக்கணும், யாவாரமும் நடக்கணும். எப்பிடின்னு நீரே பாத்துக்கிடும். எனக்கு ஒண்ணும் தெரியாண்டாம்."

எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்றார். இப்போது லேபர் ஆபீசிலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைக்குச் சொன்ன சொல் இன்றைக்கும் மாறவில்லை.

ஸ்டூல் வந்து இறங்கியது. நீலக் கலர் பிளாஸ்டிக். கவுண்டருக்கு உள்ளே ஆளுக்கு ஒன்றாகப் போட்டேன். சும்மா கிடந்தால் கண் போகும், கண் போனால் உடம்பு போகும். அதனால் ஒவ்வொரு ஸ்டூலின் மேலும் ஒரு புடவைக்கட்டைத் தூக்கி வைத்தேன். சரக்கு வைக்கவும் இடம் ஆச்சு. ஆனால் லேபர் ஆபீசர் சோதனைக்கு வந்தால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டுமே. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன் பாருங்கள். வெள்ளைக்காரன் இருந்திருந்தால் எனக்கு ராவ்பகதூர் கொடுத்திருப்பான்.

கடையில் மைக்கில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்களே, கேட்டிருப்பீர்கள். பர்ஸ் கிடைத்திருக்கிறது, குழந்தை அழுகிறது, வண்டியை எடுங்கள் என்று. கீழே மைக் ரூமில் ஜெபக்கனி என்று ஒரு பிள்ளை. குரல் அப்படியே பதநீர். வாசலில் வாச்மேன் தவசிமுத்து ஆபீசரின் ஜீப்பைப் பார்த்ததும் அவளிடம் சொல்ல வேண்டும். உடனே அவள் மைக்கில், "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. கடைவாசலில் நிற்கும் பச்சை நிற அம்பாசிடர் காரின் உரிமையாளர் உடனடியாக வந்து காரை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் எவன் அம்பாசிடர் வைத்திருக்கிறான், அதுவும் பச்சையில்? திருநெல்வேலி ஜில்லாவிலேயே கிடையாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அது காதில் விழுந்ததும் அறுபது பேரும் கட்டைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார வேண்டும். ஆபீசர் போன பிறகு, பச்சை அம்பாசிடரை எடுத்தமைக்கு நன்றி என்று இரண்டாவது அறிவிப்பு வரும். எழுந்துவிட வேண்டும்.

கடை திறப்பதற்கு முன்னால் நின்று பயிற்சி கொடுத்தேன். பாளையங்கோட்டை மைதானத்தில் போலீஸ்காரன் பரேடு இவ்வளவு சுத்தமாக இருக்காது.

"ரெண்டாவது அறிவிப்பு வாரவரைக்கும் எவளும் எந்திக்கப்படாது" என்று சொன்னேன். "ஆபீசர் சோதிச்சுப் பாப்பான். பரவால்லம்மா எந்திரின்னு நைசாச் சொல்லுவான். எந்திச்சா போச்சு. கஸ்டமர் கத்துனாலும் எந்திக்காதீங்க. முதலாளி சொன்னாலும் எந்திக்காதீங்க. ஏன், நானே சொன்னாலும் எந்திக்காதீங்க. அறிவிப்பு மட்டுந்தான் கணக்கு."

பட்டு கவுண்டரில் மரியபுஷ்பம் என்று ஒருத்தி. சாத்தான்குளத்துப் பக்கம். வாய்த்துடுக்கு.

"உக்காரதுக்கும் அறிவிப்பு, எந்திக்கதுக்கும் அறிவிப்பு. பாத்ரூம் போறதுக்கு என்ன கார் அண்ணாச்சி?"

"அதுக்கு இன்னும் சட்டம் வரல பிள்ள."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துப் பேசித்தான் வேலை வாங்குவேன். நான் கடுமையான ஆள் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருப்பதை நீங்கள் நம்பக் கூடாது.

முதல் தடவை ஆபீசர் வந்தபோது எல்லாம் நூல் பிடித்தாற்போல நடந்தது. ஜெபக்கனி பச்சை அம்பாசிடர் என்றாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அறுபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசர் மாடி ஏறி வந்து அப்படியே பூரித்துப்போனார். நேரே புஷ்பத்திடம் போய், "வசதியா இருக்காம்மா?" என்று கேட்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "வசதியா இருக்கு சார்" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைமேல் எவ்வளவு பற்று இருந்தால் அப்படி வரும்? ஆபீசர் காப்பி குடித்துவிட்டுப் போனார். நன்றி அறிவிப்பு வந்தது. அவள் எழுந்திருக்கத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். நான் அதைக்கூடப் பெரிதுபடுத்தவில்லை.

அப்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை. புருஷன் கொத்தனார், திருப்பூர் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கடை ஹாஸ்டலில்தான் தங்கியிருந்தாள், ஜெபக்கனியும் அவளும் ஒரே ரூம், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுவார்கள். முந்தின தீபாவளிக்கு அவளுக்கு ஒரு பிள்ளை தங்காமல் போயிற்று. கடையிலேயே, ஜவுளி மூட்டை இறங்குகிற இடத்தில் வைத்து. அதற்குக் கடை என்ன செய்யும்? அவள் ஒருத்தியா நின்றாள்? எல்லாரும்தானே நின்றார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

ஆடி பிறந்த வாரம் என்னிடம் வந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போகாமல் வெறுங்காலோடு நின்றாள்.

"அண்ணாச்சி, டாக்டரம்மா நிக்கவே கூடாதுன்னு சொல்லிட்டா. மத்தியானத்துக்கு மேல கூட்டம் இல்லாத நேரம் ஓரமா உக்காந்துக்கிடுதேன். கஸ்டமர் வந்தா எந்திச்சுருதேன்."

"எப்பிடிப் பிள்ள முடியும்?"

"ஸ்டூலு சும்மாதான அண்ணாச்சி கெடக்கு."

"அது உனக்கு வாங்குன ஸ்டூல் இல்ல பிள்ள. ஆபீசருக்கு வாங்குனது."

"போன தடவ மாதிரி ஆயிரும்னு பயமா இருக்கு அண்ணாச்சி."

"ஒருத்திய உக்காரவிட்டா அறுவது பேரும் வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து நிப்பாளுக. ஆடி முடியட்டும். மாசக் கடைசி வரைக்குந்தான?"

அவள் போய்விட்டாள். நான் என்ன இரக்கம் இல்லாதவனா? மறுநாளே அவளைப் பட்டில் இருந்து மாற்றி ஜாக்கெட் பிட் கவுண்டரில் போட்டேன். அங்கே ஒரு ஃபேன் உண்டு. நின்றுகொண்டே காற்று வாங்கலாம். இதையெல்லாம் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிறு. ஜனம் என்றால் ஜனம், மாடிப்படியில் ஏறினவர்கள் யாரும் தன் காலால் ஏறவில்லை, பின்னால் வந்தவர்கள் தள்ளி ஏற்றினார்கள். ஒரு வீட்டுக்காரர் தன் சம்சாரம் என்று நினைத்து வேறொருத்திக்குப் புடவை வாங்கிக் கொடுத்து, அவளும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பேர்ப்பட்ட கூட்டம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். ஜாக்கெட் பிட் கவுண்டர்ப் பக்கம் புஷ்பம் இரண்டு கையாலும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றது நான் நின்ற இடத்தில் இருந்தே தெரிந்தது. பிட் துணி தேடுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்துக் கவுண்டர்ப் பிள்ளை இறங்கிக் கீழே ஓடினாள். தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மைக்.

"வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. கடைவாசலில் நிற்கும் பச்சை நிற அம்பாசிடர் காரின்..."

அறுபது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள் தம்பி. பாதிப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் அப்படியே நிற்கிறாள், போட்டுவிட்டவள் உட்கார்ந்திருக்கிறாள். மடித்துக்கொண்டிருந்த புடவை பாதி மடிப்பில் நிற்கிறது. மாடி முழுக்க ஒரே அமைதி.

ஞாயிற்றுக்கிழமையில் ஆபீசர் வருகிறார் என்றால் விஷயம் பெரிது. விழுந்தடித்துக் கீழே ஓடினேன். ஜீப்பைக் காணோம். ஆக, கூட்டத்தோடு கூட்டமாக மாறுவேஷத்தில் வந்திருக்கிறார். இது யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியது. கண்ணை ஓட்டினேன். கண்ணாடி போட்டு, கக்கத்தில் ஃபைல் வைத்துக்கொண்டு, பனியன் செக்ஷனில் ஒருவர் எல்லாவற்றையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். சரிதான் என்று போய்க் கும்பிட்டேன். புது ஆபீசர் போல. ஏசி ரூமுக்குக் கூட்டிப்போனேன். காப்பி, முறுக்கு, அல்வா. "மேலே எல்லாம் சட்டப்படி நடக்குது சார், வந்து பாருங்க" என்று மாடிக்கும் ஏற்றிக் காட்டினேன். அவர் அறுபது பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம், எல்லாரும் ஃப்ரீயாத்தான் இருக்காங்க போல" என்றார். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

அதற்குள் முதலாளி இறங்கி வந்துவிட்டார்.

"என்னவே இது, ஆடிக் கடைசி ஞாயித்துக்கெழம?"

"ஆபீசர் முதலாளி" என்று காதோடு சொன்னேன்.

முதலாளி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து அவரைக் கும்பிட்டார். ஒரு வேட்டி சட்டை செட்டைப் பெட்டியோடு கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு, ஃபைலைத் திறந்து, "முதலாளிக்கு என்ன வயசாகுது? ஐம்பதுக்கு மேல ஒரு நல்ல பாலிசி வந்திருக்கு" என்றார்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பனியன் வாங்க வந்தவர்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். நான் மைக் ரூமுக்கு ஓடினேன், நன்றி அறிவிப்பு சொல்லச் சொல்ல. ரூம் பூட்டியிருந்தது. ஜெபக்கனி சாவியோடு சாப்பிடப் போயிருந்தாள். பசி வேளை, அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. மறுபடி மேலே ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"எந்திங்க பிள்ளைகளா, ஆபீசர் இல்ல."

ஒருத்தி அசையவில்லை.

"ரெண்டாவது அறிவிப்பு வரல அண்ணாச்சி."

"நாந்தான சொல்லுதேன்."

"நீங்க சொன்னாலும் எந்திக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய."

முதலாளி சொன்னார். அதற்கும் எழுந்திருக்கவில்லை. முதலாளி சொன்னாலும் எழுந்திருக்கக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார் என்றார்கள், மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே. அந்த நிலைமையிலும் எனக்குள்ளே ஒரு பெருமை வந்தது, மறைப்பானேன். அறுபது பேரில் ஒருத்தி பிசகவில்லை. என்ன ஒழுக்கம். யார் பழக்கியது?

வாங்க வந்த பொம்பளைகள் முதலில் கத்தினார்கள். அப்புறம் முன்னால் இருந்த ஒரு வயசான அம்மாள், "பிள்ளைக காலப் பாருங்களேன், யானக்கால் மாதிரி. இருக்கட்டும்ளா, நாமளே எடுத்துக்கிடுவோம்" என்றாள். அவர்களே எடுத்தார்கள், அவர்களே மடித்தார்கள். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். ஜெபக்கனி சாப்பிட்டு வர நேரமானது. அன்றைக்கு அவள் என்ன சாப்பிட்டாளோ, ஒரு கல்யாணப் பந்தியே முடிந்திருக்கும். எல்லாரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தபோது புஷ்பம் மட்டும் கவுண்டரில் தலையைச் சாய்த்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அது ஒன்றுதான் அன்றைக்கு ஒழுங்கீனம்.

யார் செய்த வேலை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எதிர்க்கடைக்காரன். எங்கேயோ கேரளாவில் இருந்து ஒரு பச்சை அம்பாசிடரை வரவழைத்து வாசலில் நிறுத்தியிருக்கிறான். ஜெபக்கனியிடமே கேட்டேன்.

"ஒரு ஆள் வந்து, பச்ச அம்பாசிடர் வழிய மறிச்சு நிக்குன்னு சொன்னாரு அண்ணாச்சி. நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள்.

ஜெபம் பண்ணாமல் தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளை. பொய் சொல்லுமா? தவசிமுத்து, அப்படி ஒரு கார் வரவே இல்லை என்று சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணுகிறான். அவனும் எதிர்க்கடையில் காசு வாங்கிவிட்டான். அந்தக் காரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நாகர்கோவில் வரைக்கும் போய்ப் பழைய கார் விற்கிறவனிடம் எல்லாம் விசாரித்தாயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே, நாளையில் இருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். புஷ்பத்தையும் நிறுத்திவிட்டார்கள். தூங்கினது படத்தில் நன்றாக விழுந்திருந்தது. ஆனால் அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றி, பார், இந்தக் கடையில்தான் பெண்பிள்ளைகளை உட்காரவைத்திருக்கிறார்கள் என்று ஒரே புகழ். வியாபாரிகள் கூட்டத்தில் முதலாளிக்குச் சால்வை போட்டார்கள். சட்டத்தை மதிக்கிற முதல் கடையாம். உட்காரவைத்தவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சால்வை அவருக்கு.

இப்போது அந்த ஸ்டூல் எல்லாம் எங்கே இருக்கிறது தெரியுமா? கவுண்டருக்கு இந்தப் பக்கம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். சம்சாரத்தோடு வருகிற வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள். ஸ்டூல் எண்ணிக்கை சட்டப்படி சரியாக இருக்கிறது. போனால் பாருங்கள், நீங்களும் அதில்தான் உட்காருவீர்கள்.

வேலையைத் திரும்பக் கேட்டு லேபர் ஆபீசில் மனுக் கொடுத்தேன். முதலாளி மேல் எனக்கு வருத்தம் இல்லை, கேஸ் கடை மேல்தான். அதற்கு வக்கீல் வைத்துப் பதில் எழுதியிருக்கிறார்கள், இந்த ஆள் சட்டத்துக்கு விரோதமாகப் பெண்பிள்ளைகளை உட்காரவிடாமல் தடுத்தார், கடைக்குத் தெரியாமல் தன்னிஷ்டத்துக்குச் செய்தார், அதனால் நிறுத்தினோம் என்று. நான். உட்காரவிடாமல். ஊரே படத்தில் பார்த்ததே தம்பி, என் மாடியில் அறுபது பேரும் உட்கார்ந்திருந்ததை. ஒரு சட்டம் வந்தால் எவன் தலையிலாவது விடியத்தான் வேண்டும், என் தலையில் விடிந்தது. வீட்டில் என் சம்சாரம், பேசாம மனுவ வாபஸ் வாங்கிட்டு ஏதாவது வாச்மேன் வேலைக்குப் போங்க, நாற்காலி போட்டுத் தருவாங்க என்கிறாள். முப்பது வருஷம் நின்றவனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா அது.

அதற்குத்தான் இன்றைக்குப் புஷ்பத்தைத் தேடிப் போனேன். அவள் வாயால் சொன்னால் ஆபீசர் நம்புவார். அவரிடமே வசதியாக இருக்கிறது என்று சொன்னவள் இல்லையா.

ஓட்டு வீடு. மடியில் சொளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சேலையில் தொட்டில் கட்டி அதில் பிள்ளை தூங்குகிறது. ஆண்பிள்ளை. நல்ல தடியன். அவளைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. காலையில் இருந்து இருட்டும்வரை உட்கார்ந்தே வேலை. இதைத்தானே கேட்டாள்? வேலை போகாமல் இருந்திருந்தால் இது கிடைத்திருக்குமா, இல்லை அந்தப் பிள்ளைதான் தங்கியிருக்குமா? ஒருவகையில் என்னால்தான் அந்தத் தொட்டில் ஆடுகிறது. நான் இதை அவளிடமே சொன்னேன். அவள் கை நின்றது. பிறகு மறுபடி இலையை உருட்டினாள்.

"முதுகு போயிட்டு அண்ணாச்சி" என்றாள்.

"சுத்தச் சுத்தப் பழகிரும் பிள்ள."

விசாரணை விஷயத்தைச் சொன்னேன். முதலாளி எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நூல் கட்டினாள்.

"நான் உங்கள உக்காரவிட்டேனா இல்லையான்னு கேப்பாக. நீ வந்து நடந்தத நடந்தபடி சொன்னாப் போதும் பிள்ள. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"நடந்தது எல்லாத்தையுமா அண்ணாச்சி?"

"ஆமா. எதுக்கு மறைக்கணும்?"

அப்போதுதான் தம்பி அவள் முதல்முதலாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எவ்வளவு மரியாதை இருந்தால் ஒரு பொம்பளைப் பிள்ளை அப்படிப் பார்க்கும்.

"வாரேன் அண்ணாச்சி" என்றாள். "நீங்க கூப்பிடாமப் போனாலும் வரணும்னுதான் இருந்தோம். நான் மட்டும் இல்ல, எல்லாரும் வாரோம். ஜெபக்கனி வேன் பேசிட்டா. ஸ்டூலு வந்து எறங்கின நாள்ல இருந்து ஒண்ணு விடாமச் சொல்லுதோம். போன தீபாவளில இருந்தே சொல்லுதோம்."

நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வேன் பேசியிருக்கிறார்கள். பெற்ற மகன் ஒருத்தன் சென்னையில் இருக்கிறான், ஒரு போன் கிடையாது. இந்தப் பிள்ளைகளைப் பாருங்கள். அறுபது பேரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எனக்காக வருகிறார்கள்.

முனைஞ்சிப்பட்டி வந்துவிட்டது. உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை வேலை ஒன்றும் இல்லையென்றால் நீங்களும் வாருங்கள், பார்க்க வேண்டிய காட்சியாக இருக்கும். என்ன, அந்த ஆபீஸ் சின்னது. மொத்தமே நாலு நாற்காலிதான் கிடக்கிறது, அத்தனை பேருக்கு எங்கே போவது? ஆனால் அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் நின்றுகொண்டே சொல்லி முடிப்பார்கள். நான் பழக்கின பிள்ளைகள்தானே.